கலர் திரையில் வைத்தது, பச்சைத் திரையில் எடுத்தது

என்னை உட்கார்ந்து பேசச் சொல்லாதீர்கள். ஓய்வு பெற்றுவிட்டேனே தவிர, ஓரிடத்தில் உட்காரும் பழக்கம் இன்னும் வரவில்லை. வேலை பார்த்த காலத்தில் முக்கால்வாசி முடிவுகளை நின்றுகொண்டே எடுத்தேன். மிச்சத்தைப் பஸ்ஸில் எடுத்தேன்.

இங்கே புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள் எடிட்டர் புரோகிராமில் வேலை செய்யப்போகிறீர்கள். ஜனங்கள் டைப் அடிக்கவும், திருத்தவும், பாதியில் மூடி வைத்து மறுபடி திறக்கவும் ஒரு புரோகிராம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் விட்ட பக்கம், வீட்டுக்குப் போகும் வழியில் போனைத் திறந்தால் அதே வரியில் வந்து நிற்கவேண்டும் என்று உங்களிடம் கேட்டிருக்கிறார்கள். செய்துவிடுவீர்கள். அது கஷ்டமே இல்லை. கஷ்டம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதை நான் அதிராம்பட்டினத்தில், ஒரு வீட்டின் முன்னறையில் தெரிந்துகொண்டேன்.

கம்ப்யூட்டர் என்று பலகையில் எழுதி மாட்டினாலே தஞ்சாவூரில் ஆட்கள் வந்து எட்டிப்பார்த்த காலம் அது. வெளிநாட்டுச் சாமான்கள் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்தன. அதைவிட வேகமாக இங்கிருந்து ஆட்கள் வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீர் ஒழுங்காக வந்து சேராத வருஷங்கள். விதைநெல்லை வைத்துக்கொண்டு வாய்க்காலைப் பார்த்தபடி நின்றவர்கள் பாஸ்போர்ட் எடுக்க வரிசையில் நின்றார்கள். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் சென்னைக்குப் போய் அங்கிருந்து கடல் தாண்டிவிட்டார்கள். என் வீட்டில் மாப்பிள்ளை பார்த்தால்கூட, பையன் என்ன படித்திருக்கிறான் என்பதற்கு முன்னால் விசா இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். எனக்கும் கால் தரிக்கவில்லை. எந்த பஸ்ஸில் ஏறினாலும் அது போகும் ஊரைத் தாண்டி இன்னும் எங்கோ போகவேண்டும் என்று மனசு பறந்துகொண்டிருக்கும்.

ஆனால் என் வேலை என்னை ஏற்றிவிட்ட பஸ்கள் எல்லாம் பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று சுற்றிவிட்டுத் தஞ்சாவூருக்கே திரும்பி வந்தன. பாலிடெக்னிக் வேலையை விட்டுவிட்டு வந்த ஒருவர் தொடங்கிய சின்னக் கம்பெனி எங்களுடையது. அவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். புரோகிராம் எழுதுவது அவர். அதை டைப்பிங் சென்டர்களில் போட்டுக்கொடுத்து, கோளாறு வந்தால் போய்ப் பார்ப்பது நான்.

சாருடைய எடிட்டருக்கு ஒரு பெருமை உண்டு. கரண்டு அடிக்கடி போகும் ஊர்களுக்கென்றே எழுதியது அது. ஒரு சாவியைத் தட்டினால், அப்போது திறந்திருக்கும் விண்டோக்கள் எல்லாம் ஃப்ளாப்பியில் பதிந்துவிடும். எது எங்கே இருந்தது, எந்த அளவில் இருந்தது, எந்த வரியில் கர்சர் நின்றது என்று ஒன்று விடாமல் பதியும். மறுபடி திறந்தால் விட்டது விட்டபடி வரும். சார் டெமோ காட்டும்போது, வேண்டுமென்றே சுவிட்சை அணைத்துவிட்டுப் போடுவார். பார்ப்பவர்கள் கை தட்டுவார்கள்.

அதிராம்பட்டினத்தில் அந்த எடிட்டரை வாங்கியவர் மெஹருன்னிசா. கணவர் சவூதியில். வீட்டின் முன்னறையைக் கடையாக்கி, வளைகுடாவுக்குப் போகிறவர்களின் காகிதங்களை இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். ஊர்க்காரர்கள் மெஹர் லாத்தா என்பார்கள். நான் அக்கா என்பேன். இரண்டு கம்ப்யூட்டர்களும், கரண்டு போனால் தாங்க ஒரு பேட்டரியும் வைத்திருந்தார். புதியதில் பெரிய கலர் மானிட்டர். பழையதில் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும் வரும் சின்ன மானிட்டர்.

ஒரு நாள் அவர் போன் செய்தார். “வசந்தி, ஒங்க எடிட்டர் ஒரு மாதிரி பண்ணுதும்மா. கரண்டு வந்து தொறந்தா, விண்டோ எல்லாம் மூலைல போய் குமிஞ்சி கெடக்குது. ஒவ்வொண்ணா இழுத்து விட வேண்டியிருக்கு. வந்து பாத்துட்டுப் போயேன்” என்றார். சின்னக் கோளாறு என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கரண்டு இல்லை. ஆனால் அவர் டைப் அடித்துக்கொண்டிருந்தார், பச்சைத் திரையில்.

“எப்படிக்கா?” என்றேன்.

“பெரிய மானிட்டர் பேட்டரிய உறிஞ்சிடுது. நாலு வரி அடிக்கறதுக்குள்ள படுத்துடும். இது பாவம், கொஞ்சமாத்தான் குடிக்கும். அதனால கரண்டு போன ஒடனே அதுல பதிஞ்சி, ஃப்ளாப்பிய உருவி இதுல போட்டுத் தொறந்துக்குவேன். கரண்டு வந்தா திரும்ப அங்க” என்றார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவரே கண்டுபிடித்த வழி. கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரே திரையில் மூடித் திறப்பதை மட்டுமே சார் யோசித்திருந்தார். இவர் ஒரு திரையில் வைத்துவிட்டு இன்னொரு திரையில் எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் இருக்கும்போதே ஒருவர் காகிதம் வாங்க வந்தார். செல்வராஜ் என்று பெயர். முத்துப்பேட்டைப் பக்கத்துக் கிராமம். ஊரில் டிராக்டர் ஓட்டியவர், குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போகிறார். கூடவே மனைவி. மெஹருன்னிசா அச்சடித்து வைத்திருந்த உறுதிமொழிப் பத்திரத்தைச் செல்வராஜ் இரண்டு கையாலும் வாங்கினார். பட்டுக்கோட்டையில் நோட்டரி வக்கீலிடம் முத்திரை வாங்கிக்கொண்டு, அங்கிருந்தே சென்னை பஸ் ஏறவேண்டும். காலையில் ஏஜென்ட் ஆபீசில் பத்திரத்தைக் கொடுத்தால் விசா கைக்கு வரும்.

“வர்றோம் லாத்தா.”

“நல்லபடியா போயிட்டு வாங்க.”

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் கரண்டு வந்தது. மெஹருன்னிசா ஃப்ளாப்பியைக் கலர் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து காட்டினார். சொன்னபடியேதான். பச்சைத் திரையின் சின்ன அளவைப் பதிந்துகொண்டு வந்து, பெரிய திரையின் மூலையில் விண்டோக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று செல்வராஜுடைய பத்திரம். அடுத்தது சாகுல் என்பவருடையது, அவர் அடுத்த வாரம் கிளம்புகிறவர். இரண்டையும் ஒட்டி வைத்ததும் என் கை நின்றுவிட்டது.

இரண்டிலும் ஒரே பாஸ்போர்ட் நம்பர்.

“அக்கா, இது யாரோட நம்பர்?”

அவர் எட்டிப் பார்த்தார். “சாகுலோடதுல்ல இது? செல்வராஜுக்கு எப்படிப் போச்சு? நான் அவருக்குத் தனியா அடிச்சேனே.”

எப்படிப் போனது என்பதைப் பிறகு நிதானமாகப் புரிந்துகொண்டேன். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். கலர் திரையில் நான்கைந்து விண்டோக்களை அவர் பரப்பி வைத்திருப்பார். இடதுபக்கம் இன்னார், வலதுபக்கம் இன்னார் என்று கைக்கே தெரியும். பச்சைத் திரையில் அத்தனைக்கும் இடமில்லை. ஒன்று மட்டும் திரையை அடைத்துக்கொண்டு தெரியும், மற்றவை அதன் பின்னால் ஒளிந்திருக்கும். ஒளிந்திருக்கும் வரிசையும் மாறிப்போயிருந்தது. அதுகூடப் பெரிதில்லை. விட்ட வரியிலேயே கர்சரை நிறுத்துவதுதானே எங்கள் பெருமை? அந்த வரி பத்திரத்தின் நடுவில் இருக்கும். பெரிய திரையில் மேலே பெயரும் தெரியும், கீழே நம்பரும் தெரியும். சின்னத் திரையில் நம்பர் இருக்கும் வரி சரியாக வந்து நிற்கும், பெயர் திரைக்கு மேலே போய்விடும். எல்லாப் பத்திரங்களும் ஒரே வாசகம். ஆக, யாருடைய காகிதத்தில் அடிக்கிறோம் என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லாமல் அவர் அடித்துக்கொண்டிருந்தார். சாகுலுடையது என்று நினைத்துச் செல்வராஜுடையதில் அந்த நம்பரை அடித்திருக்கிறார், பிறகு சாகுலுடையதில் நம்பர் இல்லையே என்று அதிலும் அடித்திருக்கிறார்.

அந்த நிமிஷத்தில் இவ்வளவும் எனக்குத் தெரியாது. மெஹருன்னிசா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். “தள்ளும்மா, சரி பண்ணி அடிச்சிடறேன்.”

“அக்கா, கைய எடுங்க. பதிஞ்சிடாதீங்க.”

“அவரு பஸ் ஏறிடுவாரு!”

“தெரியும். ஒரு நிமிஷம்.”

அந்த ஃப்ளாப்பியை அப்படியே இன்னொன்றில் நகல் எடுத்துத் தனியாக வைத்தேன். அவர் என்னை முறைத்துக்கொண்டு நின்றார். அதைச் செய்திருக்காவிட்டால், பதறிப்போய்த் திருத்திப் பதிந்த பதிவு பழைய பதிவின்மேல் ஏறியிருக்கும். தப்பு எப்படி நடந்தது என்பது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். நெருப்புப் பிடித்த இடத்தில் நின்று யோசிப்பது அநியாயம் மாதிரித் தோன்றும். ஆனாலும் அந்த ஒரு நிமிஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஓடுங்கள்.

கடையில் இருந்த செல்வராஜின் பாஸ்போர்ட் நகலைப் பார்த்துத் திருத்தி அச்சடித்தோம். அச்சு ஓடும்போதே சாருக்குப் போன் போட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “புரோகிராம் தப்புன்னு மட்டும் வாயத் தொறக்காதம்மா. டைப்பிங் மிஸ்டேக்னு விட்டுடு. நாளைக்கு கூட்டுறவு சொசைட்டிலேர்ந்து டெமோவுக்கு வர்றாங்க. இது வெளில போச்சுன்னா கம்பெனிய மூடிட்டு நான் பழையபடி பாலிடெக்னிக் வாசல்ல போய் நிக்கணும்.”

அவர் கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார். நான் போனை வைத்துவிட்டு அச்சான காகிதத்தை எடுத்தேன்.

மெஹருன்னிசா கடையைப் பூட்டி, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். “நானும் வர்றேன். ஒன்ன அவருக்குத் தெரியாது” என்றார். பட்டுக்கோட்டை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, ஓடிப்போய் ஏறினோம். அந்த வழியில் அன்று தென்னந்தோப்புக்கு ஒரு நிறுத்தம் போட்டான் டிரைவர். ஒருத்தி தேங்காய் மூட்டையை ஏற்ற, இன்னொருத்தி இறக்க, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இடம் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மெஹருன்னிசா ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் காகிதத்தை வைத்திருந்தார். திடீரென்று நிமிர்ந்து கேட்டார். “ஒங்க சாரு என்ன சொன்னாரு?”

பொய் சொல்ல எனக்குப் பத்து வினாடி கிடைத்திருக்கும். பஸ் குலுங்கியதில் அதுவும் போய்விட்டது.

“ஒங்க டைப்பிங் தப்புன்னு சொல்லிடச் சொன்னாரு. அது நிஜம் இல்லக்கா. எங்க புரோகிராம்தான் ஒங்கள ஏமாத்தியிருக்கு.”

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையைத் திருப்பாமலே சொன்னார்: “நீ அப்படிச் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். என் கைதான அடிச்சிச்சு.”

பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் புறப்படத் தயாராக நின்றது. செல்வராஜ் உள்ளே ஜன்னல் ஸீட்டில் இருந்தார். கீழே நின்றபடி அவர் மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார். எங்களைப் பார்த்ததும் ஏதோ மறந்து வைத்துவிட்டுப் போனதைக் கொடுக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துச் செல்வராஜ் சிரித்தார். மெஹருன்னிசா மூச்சு வாங்கியபடி விஷயத்தைச் சொன்னார். சிரிப்பு அப்படியே நின்றது.

அவர் பையிலிருந்து பத்திரத்தை எடுத்தார். பாஸ்போர்ட்டை எடுத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சரி, புதுசக் குடுங்க.”

“இதுல முத்திரை இல்லங்க” என்றேன். “நீங்க முத்திரை வாங்கினது தப்பான காகிதத்துல. இத எடுத்துக்கிட்டு மறுபடி வக்கீல்ட்ட போகணும்.”

“இந்த பஸ் போயிடுமே!”

“போயிடும்.”

அவருக்குக் கோபம் வந்தது. வரவேண்டியதுதான். “காலைல நான் அங்க நிக்கலன்னா எனக்குப் பின்னால நிக்கறவனுக்குக் குடுத்துடுவான். தெரியுமா ஒங்களுக்கு? தண்ணி இல்லாத வயல விட்டுட்டு வண்டிய வித்துட்டு வந்திருக்கேன். ஒரு நம்பர் மாறியிருக்கு, அவ்வளவுதான? முத்திரை இருக்குல்ல? அவன் பாக்காம விட்டுடுவான்.”

கண்டக்டர் விசில் ஊதினார். செல்வராஜ் என்னைப் பார்த்தார். “நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்க. போகலாமா, எறங்கலாமா?”

உங்கள் வேலையில் இந்தக் கேள்வி ஒரு நாள் உங்களிடமும் வரும். இவ்வளவு நேராக வராது. யாராவது ஒரு மெயிலில் ‘ரிஸ்க் எடுக்கலாமா’ என்று கேட்பார்கள். அப்போது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இது என் முடிவு இல்லை, அவருடைய வாழ்க்கை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் அந்தத் தப்பு எங்களுடையது. அதன் அளவு அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

“எறங்குங்க” என்றேன். “நம்பர் தப்பான பத்திரத்தோட நீங்க அங்க போய் நின்னா, பாக்காம விட்டாத்தான் பொழைப்பீங்க. பாத்துட்டா பேச ஒரு வார்த்தை இருக்காது. லேட்டாப் போய் நின்னா கெஞ்சவாவது செய்யலாம்.”

அவர் இறங்கினார். பஸ் போனது. அது திருப்பத்தில் மறையும்வரை அவர் மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பினார். “அவரு போறாரேன்னு அழுதுக்கிட்டு வந்தேன். இப்ப போகணுமேன்னு அழ வச்சிட்டீங்க.”

நோட்டரி வக்கீல் கோர்ட்டுப் பக்கத்து அறையைச் சாத்திக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். “இப்பத்தானய்யா போட்டுக் குடுத்தேன்? மறுபடி என்ன? யாரு பண்ண கூத்து இது?” என்று சத்தம் போட்டார்.

“என் கடையிலதான் சார்...” என்று மெஹருன்னிசா ஆரம்பித்தார்.

“இல்லங்க சார், எங்க கம்பெனி புரோகிராம்” என்று நான் குறுக்கே விழுந்தேன். அவரிடம் அதைச் சொன்னதும்தான் எனக்குள்ளேயே அது உறுதியானது. சொல்லிவிட்டேன், இனி மாற்ற முடியாது. வக்கீல் எங்களை மேலும் கீழும் பார்த்தார், முணுமுணுத்தார், பூட்டைத் திறந்தார். பழைய பத்திரத்தை வாங்கிக் குறுக்கே கோடு போட்டுவிட்டு, புதியதைப் படித்து முத்திரை குத்தினார்.

அடுத்த சென்னை பஸ்ஸில் உட்கார இடமில்லை. டிரைவருக்குப் பின்னால் இன்ஜின் மூடியின்மேல் செல்வராஜ் ஏறி உட்கார்ந்துகொண்டார். போகும்போது எங்களைப் பார்த்துக் கையாட்டவில்லை. மனைவியை மட்டும் பார்த்துக்கொண்டே போனார். அவர் குவைத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்ற செய்தி பின்னால் மெஹருன்னிசாவுக்கு வந்தது.

மறுநாள் காலை சாருடைய மேஜை முன் நின்றேன். டெமோவுக்காகக் கலர் மானிட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சிதா?”

“ஒண்ணு முடிஞ்சிது சார். நேத்து நான் அங்க இருந்ததால பாத்தேன். கரண்டு போற ஒவ்வொரு நாளும் அந்தக்கா இப்படித்தான் அடிச்சிருக்காங்க. இன்னும் எத்தனை போயிருக்குன்னு தெரியாது. மத்த ஊர்லயும் இப்படிச் செய்யறாங்களான்னு தெரியாது. எல்லாருக்கும் போன் பண்ணி நிறுத்தச் சொல்லணும்.”

“நிறுத்தச் சொன்னா வித்ததையெல்லாம் திருப்பிக் குடுக்க வந்து நிப்பாங்க.”

நான் வாதாடவில்லை. நகல் எடுத்த ஃப்ளாப்பியை ஓரத்திலிருந்த பழைய பச்சைத் திரைக் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்துவிட்டு நகர்ந்தேன். “சார், இது யாரோட பத்திரம்னு சொல்லுங்க.”

அவர் குனிந்து பார்த்தார். கர்சர் நம்பர் வரியில் அழகாகத் துடித்துக்கொண்டிருந்தது. பெயர் தெரியவில்லை. அடுத்த விண்டோவுக்குப் போகும் சாவியைத் தட்டினார். அதே மாதிரி வாசகம், அதே இடத்தில் கர்சர். இன்னொரு தடவை தட்டினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் எழுதிய புரோகிராமில், தான் எங்கே இருக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

“சொசைட்டிகாரங்கள இன்னொரு நாள் வரச் சொல்லு” என்றார். சென்டர்களுக்கு அவரே ஒவ்வொன்றாகப் போன் செய்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். டைப்பிங் மிஸ்டேக் என்ற வார்த்தையை அவர் ஒரு தடவைகூட உபயோகிக்கவில்லை. சிலர் திட்டினார்கள். சிலர் புரோகிராமைத் திருப்பிக் கொடுத்தார்கள். கம்பெனி கொஞ்ச நாள் தள்ளாடித்தான் நின்றது.

திருத்தம் செய்வதிலும் எங்களுக்குள் சண்டை. சின்னத் திரையில் எல்லா விண்டோக்களையும் நசுக்கியாவது காட்டிவிடவேண்டும் என்றார் சார். விட்டதெல்லாம் வந்தால்தானே பெருமை? நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு திரைக்கு வந்தவருக்கு முதலில் தெரியவேண்டியது, எது முன்னால் இருக்கிறது என்பதுதான். ஆகவே ஒன்றே ஒன்று திறக்கட்டும், அதன் தலையில் பெயர் பெரிதாக நிற்கட்டும். மற்றவை பெயர்ப்பட்டியலாக ஓரத்தில் காத்திருக்கட்டும், கூப்பிட்டால் வரட்டும். கலர் திரையில் எது எங்கே இருந்தது என்ற பதிவைப் பச்சைத் திரை தொடவே கூடாது. தன்னால் காட்ட முடியாததை அது அழிக்கவும் கூடாது. வரிகளில் செய்த திருத்தங்களை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். பெரிய திரைக்குத் திரும்பினால் அந்த இடமும் அளவும் பழையபடி கிடைக்கட்டும். கடைசியில் அப்படித்தான் செய்தோம். டெமோவில் அதற்கு யாரும் கை தட்டவில்லை.

அந்தப் புதிய பதிப்பை எடுத்துக்கொண்டு நான் மறுபடி அதிராம்பட்டினம் போனபோது, மெஹருன்னிசா அதைப் போடக்கூட விடவில்லை. “அத அப்புறம் போடு. முதல்ல பழசெல்லாம் பாக்கணும்” என்றார். கரண்டு இல்லாத நேரங்களில் அடித்த பத்திரங்கள் அத்தனையையும் எடுத்து, பாஸ்போர்ட் நகல்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தோம். இன்னும் ஒன்றுதான் தப்பாக இருந்தது. அன்வர் என்ற பையன், முத்துப்பேட்டை. அவன் எப்போதோ சென்னைக்குப் போயிருந்தான்.

விசாரித்ததில், போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டான் என்று தெரிந்தது. ஏஜென்ட் ஆபீசில் காகிதம் சரியில்லை என்று தள்ளிவிட்டார்களாம். என்ன சரியில்லை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வேலை வேறொருவனுக்குப் போய்விட்டது. அது அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுடைய எந்தப் புதிய பதிப்பும் அதை மீட்டுக் கொடுக்கவில்லை.

“அந்த வேலதான் போயிடுச்சேக்கா, இப்ப போய்ச் சொல்லி என்ன ஆகப்போவுது?” என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

மெஹருன்னிசா துப்பட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். “அவன் என்ன நெனச்சிக்கிட்டு கெடக்கறானோ” என்றார்.

முத்துப்பேட்டையில் அவர்கள் வீடு கடைத்தெருவை ஒட்டிய சந்தில் இருந்தது. அன்வரின் தகப்பனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெஹருன்னிசாவைக் கண்டதும் எழுந்து, “வாங்க வாங்க” என்று உள்ளே அழைத்தார். அன்வரைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறியது.

“அவனா? அந்த உள்ரூம்ல படுத்துக் கெடக்கறான். ஊர்ல எல்லார் மவனும் போறான், இவன் மெட்ராஸ் வரைக்கும் போயி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாம முழிச்சிட்டுத் திரும்பி வந்திருக்கான். வெளில தல காட்ட முடியல எனக்கு.”

மெஹருன்னிசா சொன்னார். தகப்பனாருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். ஃப்ளாப்பி, இரண்டு திரைகள், பின்னால் ஒளிந்துபோன விண்டோ, மேலே போய்விட்ட பெயர் எல்லாம் சொன்னேன். இங்கே உங்களிடம் சொன்னதைவிட விளக்கமாகவே சொன்னேன். கையை விரித்துப் பெரிய திரையைக் காட்டினேன், சுருக்கிச் சின்னத் திரையைக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

“இதெல்லாம் எனக்கு வெளங்காதும்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் மவன் மேல தப்பு இல்லயா?”

“இல்லங்க.”

“கொஞ்சங்கூட?”

“கொஞ்சங்கூட இல்லங்க. எங்க தப்பு.”

“அத முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று கோபமாகச் சொன்னார். வேகமாக எழுந்து உள்ரூம் கதவருகே போனார். கதவைத் தட்டக் கை உயர்த்தியவர் தட்டாமல் கையை இறக்கினார்.

பிறகு மெதுவாகக் கூப்பிட்டார்: “அன்வரு... வாப்பா கூப்புடறேன். எந்திரிச்சு வா. நம்ம வீட்டுக்கு விருந்தாளிங்க வந்திருக்காங்க.”